தன்னெழுச்சி வாழ்த்துக்கு ஒத்திகை

வாழ்த்துச் சொல்ல ஒரு வாய் இருந்தால் போதும் என்றுதான் மாத்தளைச் சனங்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். நறும்பயிர் மேம்பாட்டுச் சபை வந்து அந்த அறியாமையைப் போக்கியது. வாழ்த்துக்கு ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும், தலைவருக்கு ஒரு வாகனம் வேண்டும், வாகனத்துக்கு டீசல் வேண்டும். இத்தனையும் சேர்ந்த பிறகு, நேரம் மிஞ்சினால் வாழ்த்தலாம்.

சபையின் அசல் வேலை மிளகுக் கொடியும் கராம்புக் கன்றும் கொடுப்பது. அந்தக் கன்றுகள் அலுவலகத்துக்குப் பின்னால் கறுப்புப் பைகளிலேயே காய்ந்து சருகாகிக்கொண்டிருந்தன. அதற்காக யாரும் கூட்டம் போட்டதாகத் தகவல் இல்லை.

மஸீஹா அந்த அலுவலகத்தின் விசாரணைக் கருமபீடத்தில் இருந்தாள். வருகிறவர்களை வரவேற்று, எந்த அறைக்குப் போகவேண்டும் என்று சொல்லி, திரும்பி வந்ததும் அந்த அறையில் ஆள் இல்லாததற்குச் சமாதானம் சொல்வது அவள் வேலை. தற்காலிக நியமனம். வருகிற தையில் நிரந்தரமாக்குவோம் என்று ஒவ்வொரு தையிலும் சொன்னார்கள். கணவன் அன்ஸார் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு மொத்தக் கடையில் நின்றான், வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மகள் ஆதிபா மாத்தளையில் படித்தாள். ஆகவே மஸீஹாவை எங்காவது தூக்கிப் போட்டால் வீடு குலைந்துவிடும். இது சபைக்கு நன்றாகத் தெரியும். சபைக்குத் தெரிந்த விஷயங்கள் குறைவு. இருந்தாலும் யாருடைய குடுமி எங்கே மாட்டியிருக்கிறது என்பது மட்டும் அத்துப்படி.

எல்லாம் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் பதாகையில் தொடங்கியது. அலுவலக வாசலில் கட்டிய அந்தப் பதாகையில் பணிப்பாளர் ஜவாஹிரின் படம் பதாகை முழுக்க நிறைந்திருந்தது. பிறைக்கு இடம் போதாமல் அதை அவருடைய காதுக்குப் பின்னால் சொருகியிருந்தார்கள். எவனோ அதைப் படம்பிடித்து முகநூலில் போட, கொழும்பு வரை சிரிப்பு எட்டியது. படத்தைச் சின்னதாக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாழ்த்தை நிறுத்தலாம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

இதற்காகவே கொழும்பிலிருந்து நிதுஷன் என்றொரு நல்லிணக்க இணைப்பாளர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். மனிதர்களைப் பற்றி ஒரு பட்டமும், அவர்களைக் கையாள்வது பற்றி இன்னொரு பட்டமும் வைத்திருந்தார். முதல் கூட்டத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"வாழ்த்துங்கிறது ஒரு அபாயம். நீங்க ஒருத்தருக்கு வாழ்த்துச் சொல்றப்ப, சொல்லாத மத்தவங்கள அவமதிக்கிறீங்க. அதனால யாருக்கும் குறிப்பா எதுவும் சொல்லக்கூடாது. எல்லாருக்கும் பொதுவா, எதப் பத்தியும் இல்லாம சொல்லணும்."

பணிப்பாளர் ஜவாஹிர் எழுந்து நின்று அதை ஆமோதித்தார். "நான் போன வருசம் முழுக்க ஒருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லல்ல. என்னப் பத்தி ஒரு முறைப்பாடும் வரல்ல. இதுதான் நல்லிணக்கம்."

கைதட்டினார்கள். மஸீஹாவும் தட்டினாள், வீட்டை நினைத்துக்கொண்டு.

பிறகு குழு பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பொது வாழ்த்தை உருவாக்கியது. "உரிய காலத்துக்குரிய மகிழ்ச்சி உரியவர்களுக்கு உரியவாறு உண்டாவதாக." பொங்கல், பெருநாள், வெசாக், நத்தார் எதுவானாலும் இதைத்தான் சொல்லவேண்டும். முகத்தில் சிரிப்பு இருக்கலாம், பல் தெரியக்கூடாது. பொதுப் பலகாரம் ஒன்றையும் தேடினார்கள். கொக்கிஸ் ஒருவருடையது, வட்டிலப்பம் இன்னொருவருடையது, கேக் மற்றவருடையது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாதது, யாரும் ஆசையாகச் சாப்பிடாதது என்று கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டைத் தெரிவு செய்தார்கள். தோரணம் சாம்பல் நிறத்தில் தொங்கியது.

தைப்பொங்கலுக்கு முந்தின நாள் எல்கடுவவிலிருந்து ஒரு பெரியவர் மிளகுக் கொடி கேட்டு வந்தார். வழக்கம்போல இல்லை என்றாகிவிட்டது. போகும்போது மஸீஹாவைப் பார்த்து, "நாளைக்குப் பொங்கலுங்க, புள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுப் பக்கம் வாங்கம்மா," என்றார். நிதுஷன் பக்கத்தில்தான் நின்றார். மஸீஹா பல் தெரியாமல் சிரித்து, உரிய காலத்துக்குரிய மகிழ்ச்சி உரியவர்களுக்கு உரியவாறு உண்டாவதாக என்றாள்.

பெரியவரின் முகம் மாறிவிட்டது. சாவுச் செய்தி கேட்டவர்போலத் தலையிலிருந்த துண்டை எடுத்தார். "ஐயையோ, யாரும்மா மோசம் போனாங்க?"

மஸீஹாவுக்கு அன்று முழுக்க வாய் கசந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் என்றும் பெருநாளுக்குப் பெருநாள் என்றும் சொல்லி வளர்ந்தவள். இதில் அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத் தோழிகளின் போன் குழுவிலோ எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒருவர், வேற்று மதத்தாருக்கு வாழ்த்துச் சொல்வது பாவம் என்று குரல்பதிவு போட்டார். மறுநாள் இன்னொருவர், சொல்லாமலிருப்பதுதான் பாவம் என்றார். இரண்டு பேருமே மூச்சு வாங்கக் கத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்பதை முடிவு செய்ய இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்களே என்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெசாக் வாரத்தில் ஒருநாள் காலை அவள் வாய் தவறிவிட்டது. வாசல் காவலாளி வெள்ளை உடுப்பில் விகாரைக்குப் போய்விட்டு வந்து நின்றார். மஸீஹா சிங்களத்தில் வெசாக் வாழ்த்துச் சொன்னாள். அவரும் வாய் நிறையச் சிரித்தார், பல் தெரிய. அவ்வளவுதான். நிதுஷன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏன் மிஸ் அவருக்கு வாழ்த்துச் சொன்னீங்க?"

"அவருக்கு வெசாக், அதான் சேர்."

"அது காரணம் இல்ல. உங்க நோக்கம் என்ன?"

நோக்கம் என்ன என்று மஸீஹாவும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இனியொரு தடவை இப்படி நடந்தால் லக்கலவுக்கு மாற்றம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். லக்கலவில் சபைக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே யானை வருவது நிச்சயம், பஸ் வருவது நிச்சயமில்லை.

ஆடியில் இராசமாணிக்கம் செத்துப்போனார். அவர் அதே அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பாலாமணியின் புருஷன். லொறிக்காரர். சபையின் கன்றுகளையும் ஏற்றிப் போவார், ஏற்றக் கன்று இருக்கும்போது. நாவுல வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் லொறி குடைசாய்ந்துவிட்டது. சபை ஒரு மலர்வளையம் அனுப்பியது. அதில் செத்தவர் பெயரைவிடப் பணிப்பாளர் பெயர் பெரிதாக இருந்தது.

பாலாமணியும் மஸீஹாவும் ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு பேராய்ச் சாப்பிட்டு வந்தவர்கள். மஸீஹா லீவு போட்டு அந்த வீட்டிலேயே கிடந்தாள். சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். பண்டிகையன்று போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள். இது மாத்தளையில் எந்தச் சாதி எந்த மதத்துக்காரனுக்கும் தெரியும். சபைக்குத்தான் தெரியாது.

ஐப்பசி பிறப்பதற்கு முன் கொழும்பில் காற்று மாறியது. வெளிநாட்டிலிருந்து யாரோ பணம் தருவதாகவும், அதற்கு இலங்கையர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துவதைப் படத்தில் பார்க்கவேண்டும் என்றும் பேச்சு. உடனே மேலிடத்துக் கட்டளை வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தவரை மேடையில் தன்னெழுச்சியாக வாழ்த்தவேண்டும். பேசவேண்டிய வசனம் கொழும்பிலேயே தயார். தன்னெழுச்சிக்கு ஒத்திகை காலை ஒன்பது மணிக்கு.

நிதுஷன் மஸீஹாவைத் தேடி வந்தார். முகத்தில் முன்னைய விசாரணையின் சாயலே இல்லை.

"மிஸ், உங்களத்தான் போட்டிருக்கோம். உங்க முக்காடு தூரத்தில இருந்து பார்த்தாலும் தெரியும். படத்துக்கு நல்லது."

"வெசாக்குக்கு வாழ்த்துச் சொன்னதுக்குத்தானே சேர் எனக்கு எச்சரிக்க குடுத்தீங்க?"

"அது நீங்களா சொன்னது மிஸ். இது நாங்க சொல்லச் சொல்றது."

"யாருக்குச் சொல்லணும்?"

"பாலாமணி மிஸ்ஸுக்கு. தீபாவளி வாழ்த்து."

மஸீஹா முதலில் இது விளையாட்டு என்று நினைத்தாள். நிதுஷன் வசனத்தை நீட்டினார். அதில், "சகோதரியே, இத்தீபத் திருநாளில் தாங்கள் தங்கள் கணவருடனும் பிள்ளைகளுடனும் மகிழ்ந்து நீடூழி வாழ்க" என்று இருந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியாமல் நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

ஜவாஹிர் பதாகைக்குப் படம் தெரிவு செய்துகொண்டிருந்தார்.

"சேர், பாலாக்காட புருஷன் ஆடியிலதானே மௌத்தாப் போனாரு. அந்த வீட்டுக்கு இந்த வருசம் தீபாவளி இல்ல சேர்."

"அவங்க இந்துவா இல்லியா?"

"இந்துதான் சேர்."

"தீபாவளி இந்துப் பண்டிகையா இல்லியா?"

"ஆமா சேர், ஆனா…"

"அப்ப என்ன பிரச்சின?"

"துக்க வீடு சேர்."

ஜவாஹிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பொறுமை உண்டு, அதை அவரே அடிக்கடி சொல்லுவார். "மஸீஹா மிஸ், துக்கத்துக்கு நாங்க மலர்வளையம் அனுப்பிட்டோம். நிறுவன ரீதியா அந்தத் துக்கம் அத்தோட முடிஞ்சிது. இனி சந்தோசத்துக்கான வேல. இந்தக் கிளையில பொம்பளையா இருக்கிற ஒரே இந்து அவங்கதான். நான் புதுசா ஒரு இந்துவ எங்க போய்த் தேடுறது?"

"அந்தக் கணவருங்கிற சொல்லையாவது எடுத்துருங்க சேர்."

"கொழும்பில அங்கீகரிச்ச வசனம். ஒரு எழுத்து மாத்தணும்னாலும் மேல போகணும். உங்கட நிரந்தர நியமனமும் மேலதான் இருக்கு," என்று அவர் மறுபடி தன் படங்களுக்குள் இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அன்ஸார் வந்தான். மஸீஹா சொல்லச் சொல்லச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "தூ! மனுசனுகளா இவனுங்க," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "லக்கலவுக்குத் தள்ளிட்டா புள்ளைய யாரு பாக்கிறது?" என்றும் கேட்டான். இரண்டு பேச்சும் நியாயம்தான். மஸீஹா அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

மறுநாள் பாலாமணி வீட்டுக்குப் போனாள். பாலாமணிக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளையும் கூப்பிட்டு, வராவிட்டால் நல்லிணக்கத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவோம் என்றிருக்கிறார்கள்.

"சொல்லிரு மஸீஹா," என்றாள் பாலாமணி. "நாலு வார்த்ததானே. நான் காதில வாங்காம நிக்கிறேன். என்னால உன் வேல போகக்கூடாது."

"என்னால ஏலாதுக்கா."

"எனக்காகச் சொல்லு. நீ லக்கல போயிட்டா நான் யாருகூடடி சோறு திங்கிறது?"

மஸீஹா அப்போதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தாள். வசனத்தைப் பாடமாக்கினாள். கணவருடனும் என்ற இடத்தை விழுங்கிவிட்டு மேலே போகலாம் என்று பழகியும் பார்த்தாள். எல்லா மனிதர்களும் இப்படித்தான் பழகிப்போகிறார்கள்.

விழா நாள் வந்தது. நகரத்தில் ஒரு மண்டபத்தை எடுத்து, போன வருசத்துச் சாம்பல் தோரணத்தின் மேலேயே மினுங்கல் தாள் ஒட்டியிருந்தார்கள். அமைச்சிலிருந்து வந்த பிரதம அதிதி நேரம் கடந்து வந்தார், உட்கார்ந்தார், போனைக் கையில் எடுத்தார். ஜவாஹிர் மேடையில் பேசினார்.

"இந்த வருசம் நான் நாலு சமூகத்துக்கும் வாழ்த்துச் சொல்லியிருக்கேன். ஒருத்தரையும் நேர்ல சந்திக்காமலே இதச் சாதிச்சிருக்கேன். எங்க சபையில மதபேதமே கிடையாது. யார் எந்த மதம்னு சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கிறதனாலதான் அது சாத்தியமாகுது. கன்று குடுக்கல்லன்னு சிலபேர் குற சொல்றாங்க. மிளகுக்கொடி வாடும், வாழ்த்து வாடாது!"

கைதட்டல் நிகழ்ச்சி நிரலில் இருந்தது, ஆகவே தட்டினார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒதுக்கமாக ஒரு அறை. மஸீஹா அதற்குள் போனபோது பாலாமணியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இராசமாணிக்கம் போனதிலிருந்து பாலாமணி பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. வை என்றும் வைக்காதே என்றும் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு மனசு வரவில்லை. விழாவை நடத்த வந்த கம்பனிப் பெண் இப்போது அவள் நெற்றியில் ஒட்டுப்பொட்டு ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். நிதுஷன் எட்ட நின்று பார்த்து, "கொஞ்சம் பெரிய பொட்டா இல்லியா? கமராவுக்குத் தெரியணும்," என்றார்.

பாலாமணி கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க, கம்பனிப் பெண் பஞ்சை எடுத்து, "அழாதீங்க அக்கா, பவுடர் போயிரும்," என்று ஒற்றினாள்.

ஒரு மனுசியைப் பிணத்துக்கு அலங்காரம் செய்கிற மாதிரி செய்கிறார்களே என்று மஸீஹா நினைத்தாள். பாடமாக்கின வசனம் அந்த இடத்திலேயே மறந்துபோனது.

பெயர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் மேடையில் எதிரெதிரே நின்றார்கள். மஸீஹாவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள், அதில் கிறீம் கிறேக்கர். கமராக்காரன் கையை உயர்த்தினான்.

"எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்," என்றாள் மஸீஹா. "இவங்களுக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்ல என்னைய இங்க நிக்க வச்சிருக்காங்க. நான் சொல்லமாட்டேன். இவங்கட புருஷன் இராசமாணிக்கம் அண்ணன் ஆடியில தவறிட்டாங்க. அந்த வீட்டில இந்த வருசம் பண்டிக இல்ல. அப்படியான வீட்டுக்கு வாழ்த்துச் சொல்றது அசிங்கம். அது எனக்குத் தெரியும், இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சொல்லணும்னு தோணினப்ப வாய மூடுன்னாங்க. சொல்லக்கூடாத எடத்தில வாயத் திறன்னு சொல்றாங்க. என் வாய் சபைட சாமான் இல்ல. அடுத்த வருசம் அந்த வீட்டில அடுப்பில எண்ணெய்ச் சட்டி வச்சா, அண்டைக்கு நானே போய்ச் சொல்லுவேன். மேடை வேணாம்."

பாலாமணி தலையில் கைவைத்து அந்தப் பிளாஸ்டிக் சரத்தை இழுத்தாள், முடியோடு வந்தது. பொட்டையும் உரித்தாள். இரண்டையும் மஸீஹாவின் கையிலிருந்த பிஸ்கட் தட்டில் போட்டாள். பிரதம அதிதி போனிலிருந்து நிமிர்ந்து, எல்லோரும் சும்மா இருப்பதைக் கண்டு, தாம்தான் தொடங்கவேண்டும் போலும் என்று பலமாகக் கைதட்டினார். "வெரி குட், வெரி குட். இதுதான் எங்களுக்கு வேணும்."

கமராக்காரன் கேட்டான்: "ஒருக்கா கட்டிப்பிடிச்சு நிக்க ஏலுமா?"

விசாரணை அடுத்த வாரமே நடந்தது. குற்றத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் நேரம் போனது. அனுமதியின்றி வாழ்த்தியதற்குச் சட்டம் இருந்தது, அனுமதியோடு வாழ்த்தாததற்கு இல்லை. புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். ஜவாஹிர் பெருந்தன்மையாக ஒரு வழியும் காட்டினார்.

"நீங்க இப்ப தனியா நிண்டு அந்த வசனத்தச் சொல்லுங்க. நாங்க படத்தில ஒட்டிக்கிறோம். பாலாமணி மிஸ் இருக்கத் தேவையே இல்ல. ஆள் இல்லாட்டி ஒருத்தருக்கும் மனவருத்தமும் இல்லதானே?"

"அப்ப நானும் தேவையில்லயே சேர்," என்றாள் மஸீஹா.

திங்கட்கிழமையிலிருந்து லக்கல என்று உத்தரவாயிற்று. அன்ஸார் போனில் ஆதிபாவைத் தன் உம்மாவின் வீட்டில் விடலாம் என்றான். ஆதிபா அழுதாள். மஸீஹாவும் சேர்ந்து அழுதாள். தைரியமாகப் பேசியவர்களுக்கு வீட்டில் அழுகை இல்லை என்று நினைப்பவர்கள் அப்படிப் பேசிப் பார்த்தவர்கள் அல்ல.

தீபாவளி அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னமே வந்துவிட்டது. தெருவெல்லாம் வெடிச்சத்தம். மஸீஹா காலையிலேயே பாலாமணி வீட்டுக்குப் போனாள். மகள் விதுஷா கதவைத் திறந்தாள். வாசலில் கோலம் இல்லை, உள்ளே பலகார வாசமும் இல்லை. மஸீஹா ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். பாலாமணியும் ஒன்றும் சொல்லாமல் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அதற்காகத்தான் வந்தாள், அது நடந்தது. மூன்று பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இராசமாணிக்கத்தின் படத்துக்குக் கீழே அவருடைய போன் இருந்தது. ஆடியிலிருந்து பாலாமணி அதை அணையவிடாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், லொறிக்காரங்க யாராவது கோல் எடுப்பாங்க என்பாள். யாரும் அழைத்ததில்லை. எப்போதாவது அவளே அலுவலகத்திலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்து, மணி அடிப்பதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மஸீஹாவுக்கு அது தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அந்தப் போன் சத்தம் போட்டது. மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். விதுஷா ஓடிப்போய் எடுத்து, வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"என்னடி?"

"சபையில இருந்தும்மா."

"வாசி."

"அன்பின் போக்குவரத்துப் பங்காளர் இராசமாணிக்கம் அவர்களுக்கு, இத்தீபத் திருநாளில் தாங்கள் தங்கள் குடும்பத்தாருடன் மகிழ்ந்து நீடூழி வாழ்க. ஜவாஹிர், பணிப்பாளர்."

வெளியே ஒரு சரவெடி வெடித்து முடிந்தது.

"நீ எனக்குச் சொல்ல மாட்டேன்ன," என்றாள் பாலாமணி மெதுவாக. "அவனுங்க நேரா அவருக்கே சொல்லிட்டானுங்க."

"அப்பா செத்துட்டார்னு பதில் போடவாம்மா?" என்றாள் விதுஷா.

"பதில் போட்டாலும் போகாதுடி. இவனுங்களுக்குச் சொல்லத்தான் தெரியும்."

பாலாமணி போனை மகள் கையிலிருந்து வாங்கினாள். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள், அது அணைகிற வரைக்கும்.